பேரப்பிள்ளை இல்லாத ஈ: பூச்சிகள் தங்கள் விதைநெல்லை எப்படி எடுத்து வைக்கின்றன?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு ஒரு குடும்பக் கதையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஒரு பெண் ஈ. நல்ல ஆரோக்கியம். நிறைய முட்டை போடுது. முட்டை பொரிஞ்சு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறக்கையோட பிள்ளைகள் வெளியே வருது. பார்க்க அப்படியே அம்மா மாதிரிதான். பறக்குது, சாப்பிடுது. ஆனா ஒரே ஒரு பிரச்சனை. அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறக்காது.

1948ல் பிரிட்டனைச் சேர்ந்த மரபியலாளர் ஹெலன் ஸ்பர்வே இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். அவர் கவனித்தது ட்ரோசோஃபிலா சப்அப்ஸ்க்யூரா என்ற ஒரு பழ ஈ இனம். வாழைப்பழம் கனிஞ்சதும் கிச்சன்ல சுத்துமே, அந்தக் குட்டி ஈயோட சொந்தக்காரர். அந்த மரபணு மாற்றத்துக்கு வந்த பேர் 'கிராண்ட்சைல்ட்லெஸ்'. அதாவது, பேரப்பிள்ளை இல்லாதது. கூடவே ஒரு தகவல்: ஸ்பர்வே 1957ல் தன் கணவர் ஜே.பி.எஸ். ஹால்டேனோடு இந்தியாவுக்கே வந்துட்டார். கல்கத்தாவில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இரண்டு பேரும் வேலை பார்த்தாங்க.

இதுல விசித்திரம் என்னன்னா, குறை இருக்கிறது அம்மாவோட மரபணுவில். அது அம்மாவை ஒண்ணும் பண்ணல. பிள்ளையும் உயிரோட, நல்லாத்தான் இருக்கு. ஆனா பிள்ளையின் உடம்புக்குள்ள முட்டையையோ விந்தணுவையோ உருவாக்க வேண்டிய செல்கள் மட்டும் இல்லை. அப்படின்னா, ஒரு ஈ பாட்டி ஆகுமா ஆகாதாங்கிறது, அது முட்டை போடுறதுக்கு முன்னாடியே தீர்மானம் ஆயிடுது. எப்படி? அதுதான் இன்றைய எபிசோட்.

ஜெர்ம்னா இங்கே கிருமி கிடையாது

முதல்ல ஒரு வார்த்தையைப் புரிஞ்சுக்கலாம். 'ஜெர்ம்'னு சொன்னதும் ஹேண்ட்வாஷ் விளம்பரம்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தச் சொல்லோட லத்தீன் வேருக்கு முளை, மொட்டுன்னு அர்த்தம். அந்தப் பழைய அர்த்தத்தில்தான் உயிரியலில் 'ஜெர்ம் செல்'னு சொல்றாங்க. பிற்காலத்தில் முட்டையாகவோ விந்தணுவாகவோ மாறப்போகும் செல்கள் இவை.

ஊர்ப்பக்கம் சொந்தக்காரங்க இருந்தா விதைநெல் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீங்க. அறுவடை ஆன நெல் முழுவதையும் அரிசியாக்கிச் சாப்பிட்டுட முடியாது. அடுத்த போகத்துக்கு ஒரு பங்கை எடுத்து வைக்கணும். உடம்பும் அப்படித்தான். தோல், தசை, நரம்பு இதெல்லாம் சாப்பாட்டு நெல். வாழ்நாள் முழுக்க உழைச்சு, அந்த உடம்போடு முடிஞ்சுபோகும். ஜெர்ம் செல் மட்டும்தான் விதைநெல். அடுத்த தலைமுறைக்குப் போகிற ஒரே சரக்கு அதுதான். 1880களில் ஜெர்மன் உயிரியலாளர் அகஸ்ட் வைஸ்மன் இந்தப் பிரிவினையைத் தெளிவான ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்.

சரி, கரு ஒரே ஒரு செல்லில்தானே ஆரம்பிக்குது? அதில் எந்தப் பங்கு விதைக்கு, எந்தப் பங்கு சோத்துக்கு? இதை யார், எப்போ பிரிக்கிறாங்க?

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு முடிவு

உலகத்தில் அதிகம் ஆராயப்பட்ட பூச்சியான பழ ஈ, ட்ரோசோஃபிலா மெலனோகாஸ்டரையே எடுத்துக்கலாம். அதன் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம்தான். நம்ம கருவில் ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். ஈயில் அப்படி இல்லை. செல் பிரியாம, உள்ளே இருக்கிற உட்கரு மட்டும் பிரிஞ்சுகிட்டே இருக்கும். ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. தடுப்பே இல்லாத ஒரு பெரிய ஹாலில் ஆட்கள் மட்டும் இரண்டு மடங்கு, நாலு மடங்குன்னு பெருகுற மாதிரி யோசிச்சுப் பாருங்க. 13 சுற்று முடிஞ்சு, சுமார் 6,000 உட்கருக்கள் முட்டையின் விளிம்பில் வரிசையா நின்ன பிறகுதான், அவற்றுக்கு நடுவே சுவர் எழும்பும். அதுக்குள்ள கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆயிடும்.

ஆனா பின்முனைக்கு வந்து சேரும் சில உட்கருக்கள் அதுவரைக்கும் காத்திருக்காது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திலேயே மொட்டு மாதிரி வெளியே புடைச்சு, தனிச் செல்களாகப் பிரிஞ்சிடும். கருவில் முதன்முதலா உருவாகும் செல்களே இவைதான். 'துருவச் செல்கள்'னு பேர். கொஞ்ச நேரத்தில் 30, 40 ஆகும். பழ ஈயின் ஜெர்ம் செல்கள் இவைதான். மற்ற செல்களுக்கு இன்னும் சுவரே எழும்பாதபோது விதைநெல் மட்டும் தனியா மூட்டை கட்டியாச்சு.

மூட்டை கட்டினதோட விடல, சீலும் வைக்குது. கருவின் மற்ற உட்கருக்கள் தங்கள் மரபணுக்களை இயக்கத் தொடங்கும்போது, துருவச் செல்கள் தங்கள் மரபணுக்களை அமைதியாகவே வைத்திருக்கும். தோலாகு, தசையாகுன்னு எந்த உத்தரவும் அங்கே வேலை செய்யாது.

பின்முனையில் என்னதான் இருக்கு?

அங்கே போய்ச் சேர்ந்த உட்கருவுக்கு மட்டும் ஏன் இந்த விதி? உட்கருவில் விசேஷம் எதுவும் இல்லை. விசேஷம் அந்த இடத்தில் இருக்கு.

1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க விலங்கியலாளர் ராபர்ட் ஹெக்னர் வண்டுகளின் முட்டைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். அந்த முட்டைகளின் பின்முனையில் துகள்கள் நிறைந்த ஒரு வட்டத் தட்டு தெரியும். அந்தப் பகுதியை ஊசியால் குத்தி நீக்கினார், சில முட்டைகளில் சூடான ஊசியால் பொசுக்கினார். கரு வளர்ந்தது. ஆனா ஜெர்ம் செல்கள் இல்லை.

அப்போ அந்த இடத்தை எடுத்துட்டா ஜெர்ம் செல் வராதுன்னு தெரிஞ்சது. ஆனா அந்தப் பொருளை வேற இடத்தில் வச்சா அங்கே ஜெர்ம் செல் வருமா? 1974ல் கார்ல் இல்மென்சி, ஆந்தனி மஹோவால்டு இருவரும் இதைச் செய்து பார்த்தாங்க. ஈ முட்டையின் பின்முனைத் திரவத்தை நுண்ணிய ஊசியால் உறிஞ்சி, இன்னொரு முட்டையின் முன்முனையில், தலை வரவேண்டிய இடத்தில், செலுத்தினாங்க. அங்கே ஜெர்ம் செல்கள் உருவாச்சு! உண்மையிலேயே ஜெர்ம் செல்தானான்னு பார்க்க, அவற்றை வேறொரு கருவின் பின்முனைக்கு மாற்றி வளர்த்தாங்க. அந்த ஈக்களுக்கு அந்தச் செல்களின் வழியே பிள்ளைகளும் பிறந்தன.

அந்தத் திரவத்துக்குப் பேர் 'ஜெர்ம் பிளாசம்'. அதில் இருக்கும் புரதங்களும் ஆர்என்ஏக்களும் அம்மா ஈ தயாரிச்சு, முட்டை உருவாகும்போதே பின்முனையில் கட்டி வைத்தவை. ஸ்பர்வேயின் புதிருக்கான விடை இதுதான். அம்மா சீதனத்தைச் சரியா கட்டி வைக்கலன்னா பிள்ளையோட உடம்பு வளர்ந்துடும், ஆனா விதைநெல் இருக்காது.

1980களில் பழ ஈயில் இப்படிப்பட்ட மரபணுக்கள் ஒவ்வொன்றா கிடைக்க ஆரம்பிச்சது. பேர் வைக்கிறதில் ஈ ஆராய்ச்சியாளர்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. ட்யூடர், வாலுவா, ஸ்டாஃபன், வாசா. எல்லாமே வாரிசில்லாம முடிஞ்சுபோன ஐரோப்பிய அரச வம்சங்கள்!

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர்னா ஆஸ்கர் என்ற மரபணு. 1986ல் ரூத் லேமன், கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் இருவரும் அதை விவரிச்சாங்க. அந்த மரபணு கெட்டுப்போன அம்மாக்களின் கருவில் ஜெர்ம் செல்லும் இல்லை, வயிற்றுப் பகுதியும் இல்லை. கரு குட்டையா நின்னுடுது. அதனால குந்தர் கிராஸின் 'த டின் டிரம்' நாவலில், மூன்று வயசிலேயே இனி வளர மாட்டேன்னு முடிவு பண்ற ஆஸ்கர் என்ற பையனின் பேர்.

1992ல் ஆன் எஃப்ருசியும் லேமனும் ஆஸ்கரின் ஆர்என்ஏவை மட்டும் முட்டையின் முன்முனைக்குப் போகும்படி விலாசம் மாற்றிவிட்டாங்க. தலை வரவேண்டிய இடத்தில், வேலை செய்யக்கூடிய ஜெர்ம் செல்கள் வந்தன. ஆஸ்கர் எங்கே இருக்கோ, மற்ற பொருட்களை அது அங்கே கூப்பிட்டுச் சேர்த்துக்குது.

வீடு தேடிப் போகும் செல்கள்

பிரிச்சு வச்சதோட வேலை முடியல. துருவச் செல்கள் இருப்பது கருவின் வெளிப்பக்கம், கடைக்கோடியில். அவை போய்ச் சேர வேண்டியது உள்ளே உருவாகும் அண்டகத்துக்கோ விந்தகத்துக்கோ. கரு மடிஞ்சு சுருங்கும்போது, குடலாகப் போற ஒரு பைக்குள்ள இவை இழுக்கப்படும். பிறகு அந்தக் குடலின் சுவரைத் தாங்களே ஊடுருவி வெளியே வந்து, இரண்டு அணியாகப் பிரிஞ்சு, இடது வலது பக்கங்களுக்கு நடந்து போகும். எல்லாமே ஊர் போய்ச் சேராது. சில வழியிலேயே தொலைஞ்சுபோகும்.

வழி காட்டுறது யார்? 1998ல் ஒரு சுவாரசியமான பதில் கிடைச்சது. சேருமிடத்தில் இருக்கும் செல்களில் ஒரு குறிப்பிட்ட நொதி நிறைய இருக்கணும். அது இல்லன்னா ஜெர்ம் செல்கள் வழி தவறிடும். நம்ம உடம்பில் அதே நொதிதான் கொலஸ்ட்ரால் தயாரிப்பின் முக்கியமான கட்டத்தை நடத்துது. வீட்ல அப்பாவோ தாத்தாவோ ஸ்டாட்டின் மாத்திரை போடுறாங்களா? அந்த மாத்திரை தடுக்கிறது இந்த நொதியைத்தான். ஈயால் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கவே முடியாது. ஆனா அதே நொதியை, செல்களை அழைக்கும் சிக்னல் தயாரிக்கப் பயன்படுத்திக்குது.

சுவர்க்கோழி சொன்ன வேறு கதை

இதுவரைக்கும் கேட்டா, 'ஓ, பூச்சிகள் எல்லாமே இப்படித்தான்'னு தோணும். பாடப்புத்தகங்களைப் படிச்ச பலருக்கும் அப்படித்தான் தோணும். ஏன்னா நமக்கு ரொம்பத் தெரிஞ்ச பூச்சி பழ ஈ.

ராத்திரி சுவர் ஓரத்தில் கிர்ர்ர்னு கத்துமே சுவர்க்கோழி, அதைப் பார்த்தா கதை மாறிடுது. சுவர்க்கோழியின் வம்சமும் ஈயின் வம்சமும் பிரிஞ்சு 35 கோடி ஆண்டுகளுக்கும் மேல் ஆச்சு. ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் கசாண்ட்ரா எக்ஸ்டவூரின் ஆய்வுக்குழு கிரில்லஸ் பைமாகுலேட்டஸ் என்ற சுவர்க்கோழியின் கருவை ஆராய்ந்தது. (எக்ஸ்டவூர் மேடையில் பாடும் சொப்ரானோ பாடகியும்கூட!) அந்த முட்டையில் ஜெர்ம் பிளாசம் கிடையாது. அம்மா பின்முனையில் எதையும் கட்டி வைக்கல. கரு உருவாகி, உடல் கண்டங்கள் தெரிய ஆரம்பிச்ச பிறகுதான், வயிற்றுப் பகுதியின் நடு அடுக்குச் செல்களிலிருந்து ஜெர்ம் செல்கள் தோன்றுது. பக்கத்துச் செல்கள் அனுப்பும் 'பிஎம்பி' என்ற சிக்னலைக் குறைச்சா, ஜெர்ம் செல்களின் எண்ணிக்கையும் குறைஞ்சிடுது. இந்த ஆய்வுகள் 2013, 2014ல் வெளிவந்தன.

நம்ம விதைநெல் உதாரணத்திலேயே சொல்லணும்னா, ஈயின் அம்மா விதைமூட்டையை முன்கூட்டியே கட்டிக் கொடுத்து அனுப்புறாங்க. சுவர்க்கோழியில் பயிர் வளர்ந்த பிறகு, வயல்ல நின்னு, 'இந்தக் கதிர் விதைக்கு'ன்னு கை காட்டுறாங்க.

இதுல ஆச்சரியம் இன்னொண்ணு இருக்கு. எலியின் கருவிலும் ஜெர்ம் செல்களைத் தேர்ந்தெடுக்கிறது இதே பிஎம்பி குடும்பத்து சிக்னல்தான். இந்த விஷயத்தில் சுவர்க்கோழி, தன் சொந்தக்காரரான ஈயைவிட எலிக்கு நெருக்கமா நடந்துக்குது! 2003லேயே எக்ஸ்டவூரும் மைக்கேல் ஏகமும் விலங்கு உலகம் முழுவதும் கிடைச்ச தகவல்களைத் திரட்டிப் பார்த்து, சிக்னல் வழிதான் பழையதா இருக்கணும், அம்மா கட்டிக் கொடுக்கும் வழி பிற்காலத்தில் பல கிளைகளில் தனித்தனியா வந்திருக்கணும்னு வாதிட்டிருந்தாங்க. நாம விதின்னு நினைச்ச பழ ஈதான் இங்கே புது வழக்கத்துக்கு மாறின ஆள்.

ஒட்டுப்போட்ட மரபணு

அப்போ சுவர்க்கோழிக்கு ஆஸ்கர் மரபணு இல்லையா? இருக்கு. ஆனா அங்கே ஆஸ்கருக்கு ஜெர்ம் செல் வேலை கிடையாது. 2012ல் வந்த ஆய்வின்படி, அது நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தில் வேலை செய்யுது. அப்படின்னா ஆஸ்கர் ஜெர்ம் பிளாசத்துக்காகப் பிறந்ததே இல்லை. வேற வேலையில் இருந்த ஆளை, ஈ போகும் கிளையில், இந்தப் பதவிக்கு மாத்தியிருக்காங்க.

ஆஸ்கர் எங்கிருந்து வந்தது? இந்த மரபணு பூச்சிகளில் மட்டும்தான் கிடைச்சிருக்கு. அந்தப் புரதத்துக்கு இரண்டு முக்கியப் பகுதிகள். ஒன்று விலங்குகளில் இருக்கும் புரதங்களை ஒத்தது. மற்றொன்றுக்கு நெருங்கிய சொந்தம் எங்கேன்னு தேடினா, அது பாக்டீரியாவில் போய் நிக்குது. 2020ல் எக்ஸ்டவூரின் குழு வெளியிட்ட ஆய்வு, ஒரு பாக்டீரியாவின் மரபணுத் துண்டு பூச்சிகளின் மூதாதைக்குள் வந்து, ஏற்கெனவே இருந்த ஒரு துண்டோடு ஒட்டி ஆஸ்கர் பிறந்திருக்கணும்னு காட்டுது. ஈயின் வம்சம் தொடருமாங்கிறதைத் தீர்மானிக்கும் மரபணுவில் பாதி, வெளியாள் கொண்டுவந்த சரக்கு.

வந்தது எல்லாக் கிளைகளிலும் நிலைக்கவும் இல்லை. தேனீ, பட்டுப்பூச்சி, மாவு வண்டு மூன்றிலும் ஆஸ்கர் தொலைஞ்சுபோச்சு. ஆனா அவற்றுக்கும் ஜெர்ம் செல்கள் உண்டு, பிள்ளைகளும் உண்டு.

ஜெர்ம் செல்லையே வேற காரியத்துக்குப் பயன்படுத்துற பூச்சியும் இருக்கு. கோப்பிடோசோமா என்ற ஒட்டுண்ணிக் குளவி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். அந்த ஒரே முட்டை உடைஞ்சு உடைஞ்சு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருக்களாகும். ஜெர்ம் செல் பங்கு கிடைச்ச கரு சாதாரணப் புழுவாகி, குளவியாகும். பங்கு கிடைக்காத கரு படைவீரப் புழுவாகும். அது எதிரிகளைக் கடிச்சு விரட்டி, கூடப்பிறந்தவங்களைக் காப்பாத்திட்டு, குளவியாகாமலேயே செத்துப்போகும். கூடப்பிறந்தவங்க எல்லாரும் ஒரே முட்டையிலிருந்து வந்ததால, அவங்க பிள்ளை பெத்தாலும் படைவீரனின் மரபணுக்கள்தான் அடுத்த தலைமுறைக்குப் போகுது.

நம்ம தெருக் கொசுவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

'சரி, ஈயும் சுவர்க்கோழியும் எப்படியோ போகட்டும், எனக்கு என்ன?'ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் டெங்குவில் இருக்கு.

வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பல பூச்சிகளின் செல்களுக்குள்ளேயே குடியிருக்குது. அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு முட்டை வழியாத்தான் முக்கியமா பரவுது. அதனால அதோட முழுக் கவலையும் ஜெர்ம் செல்லுக்குள்ள எப்படி நுழையறதுங்கிறதுதான். பழ ஈயின் முட்டையில் அது ஜெர்ம் பிளாசம் இருக்கும் பின்முனையில் போய்க் குவியுது. அடுத்த தலைமுறைக்குக் கிளம்பும் பஸ் எங்கே நிக்கும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு!

ஏடிஸ் ஈஜிப்டை கொசுவில் வோல்பாக்கியா இருந்தா, டெங்கு வைரஸ் அதுக்குள்ள சரியாப் பெருக முடியாது. பாக்டீரியா தானே முட்டை வழியா தலைமுறை தாண்டிப் போறதால, இந்தக் கொசுக்களை விட்டா அது கொசுக் கூட்டத்தில் தொடர்ந்து பரவும். புதுச்சேரியில் இருக்கும் ஐசிஎம்ஆரின் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், இப்படி வோல்பாக்கியா உள்ள ஏடிஸ் கொசுக்களை ஆய்வகத்தில் உருவாக்கியிருப்பதா 2022ல் அறிவிச்சது.

இன்னொரு பக்கம், அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சி. நம்ம நகரங்களின் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் கொசு. 2015ல் கலிஃபோர்னியா விஞ்ஞானிகள், மலேரியா ஒட்டுண்ணியைத் தடுக்கும் மரபணுக்கள் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும்படி ஒரு 'ஜீன் டிரைவ்' கருவியை இந்தக் கொசுவில் ஆய்வகத்துக்குள் செய்து காட்டினாங்க. அந்தக் கருவி ஜெர்ம் செல்லில் வேலை செஞ்சாத்தான் மாற்றம் தலைமுறை தாண்டும். அதுக்கு அவங்க பயன்படுத்தின சுவிட்ச், வாசா மரபணுவோட சுவிட்ச். ஆமா, வாரிசில்லாத அரச வம்சத்தின் பேர் வச்ச அதே வாசாதான்.

இந்த மாதிரித் தொழில்நுட்பத்தை வெளியே விடலாமா வேண்டாமாங்கிறது தனி விவாதம். ஒரு தடவை ஜெர்ம் செல்லில் எழுதினதை, பேரப்பிள்ளைகள் காலத்தில் திரும்ப அழிக்கிறது சுலபம் இல்லை. அதனால அந்த விவாதத்தில் கலந்துக்கிற எல்லாருக்கும், எந்தப் பூச்சி தன் விதைநெல்லை எப்படி எடுத்து வைக்குதுன்னு தெரிஞ்சிருக்கணும். ஈயில் பார்த்ததை வச்சு மற்ற பூச்சியையும் அப்படித்தான்னு முடிவு பண்ணிட முடியாதுன்னு சுவர்க்கோழி ஏற்கெனவே காட்டிடுச்சு.

அடுத்த தடவை கிச்சன்ல வாழைப்பழத்தைச் சுத்தி ஈ பறந்தா, விரட்டுறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் பாருங்க. முட்டைக்குள்ள இருந்த முதல் ஒன்றரை மணி நேரத்திலேயே தன் பிள்ளைகளுக்கான செல்களைத் தனியா எடுத்து வச்ச ஜீவன் அது. அதுக்கான ஏற்பாட்டைச் செஞ்சு அனுப்பினது அதோட அம்மா.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, பயாலஜின்னாலே தூக்கம் வருதுன்னு சொல்ற ஒரு ஃபிரெண்டுக்கு அனுப்புங்க. கேள்வி இருந்தா எழுதுங்க. மறுபடி சந்திப்போம்.